இத்தாலியில் என்ன சாப்பிடுவது? ஊர் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்

கேள்வி இதுதான்: ஏப்ரலில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கி, ஒரு நாள் நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு, ஃப்ளோரன்ஸ், வெனிஸ் வழியாக மிலனில் விமானம் ஏறுகிறோம். நால்வரில் ஒருவர் சுத்த சைவம். பீட்சா, பாஸ்தாவைத் தாண்டி அந்த ஊர்க்காரர்கள் உண்மையில் சாப்பிடுவது எது?

பீட்சாவையும் பாஸ்தாவையும் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. எந்த ஊரில் எந்தப் பாஸ்தா என்று தெரிந்தால் போதும். இத்தாலி ஒரே நாடானது 1861ல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் வெனிஸ் தனிக் குடியரசு, நேப்பிள்ஸ் தனி ராஜ்ஜியம், ரோம் போப்பின் ஆட்சியில். சமையலும் அப்படித் தனித்தனியாகவே வளர்ந்தது. வடக்கே வெண்ணெய், அரிசி, மக்காச்சோளம். தெற்கே ஆலிவ் எண்ணெய், கோதுமை ரவை, தக்காளி. வெனிஸில் உட்கார்ந்து கார்போனாரா கேட்டாலும் கொண்டுவந்து வைப்பார்கள்தான். ஆனால் அது உங்களுக்காக, அதாவது டூரிஸ்ட்டுகளுக்காகச் செய்த கார்போனாரா. ஒரே மெனு அட்டையில் ஆறு ஊர்ச் சாப்பாடும் வண்ணப் படத்தோடு இருந்து, வாசலில் ஒருவர் நின்று உள்ளே அழைத்தால், அந்தக் கடையை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போங்கள்.

சரி, உங்கள் பாதையிலேயே போவோம்.

ரோமில் நான்கு பாஸ்தாக்கள்தான் அடிப்படை. காச்சோ ஏ பேப்பே என்பதில் செம்மறியாட்டுப் பால் சீஸான பெக்கோரினோ ரொமானோ, மிளகு, பாஸ்தா வெந்து கலங்கிய தண்ணீர், இவ்வளவுதான். வெண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை. அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்துதான் சீஸைக் கட்டிதட்டாமல் குழம்பாக்குகிறது. கை பழகாத சமையல்காரர் செய்தால் சீஸ் உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கும். இதோடு குவான்சாலே என்ற, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னத் தசையை வறுத்துச் சேர்த்தால் கிரீச்சா. கிரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்போனாரா. நான்கையும் ஆளுக்கொன்றாகச் சொல்லி, காச்சோ ஏ பேப்பேயைச் சைவக்காரருக்கு விட்டுவிட்டு, மீதி மூன்றை மற்றவர்கள் பகிர்ந்து சாப்பிட்டால் ரோம் சமையலின் பாதி பிடிபட்டுவிடும். பெக்கோரினோ நல்ல உப்புக் கரிக்கும் சீஸ். முதல் வாய் உங்களுக்கு உப்பு தூக்கலாகவே தெரியும், அது சமையல்காரரின் பிழை இல்லை. ரோமின் பெயரைத் தாங்கிய இந்த சீஸில் பெரும்பகுதி இப்போது தயாராவது சார்டீனியா தீவில் என்பது ஒரு உபரித் தகவல்.

அமாத்ரிச்சானாவுக்குப் பெயர் தந்த அமாத்ரிச்சே ஒரு சின்ன மலையூர். 2016 ஆகஸ்ட் 24ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் ஊரே இடிந்து விழுந்தது. அதன்பிறகு இத்தாலி முழுக்க உணவகங்கள், விற்கும் ஒவ்வொரு தட்டு அமாத்ரிச்சானாவுக்கும் இரண்டு யூரோ அந்த ஊருக்கு அனுப்பின.

கார்போனாரா பற்றி ஒரு எச்சரிக்கை. முட்டை அதில் முழுதாக வேகாது. பாஸ்தாவின் சூட்டிலேயே லேசாக இறுகிக் குழைந்து நிற்கும். முட்டை வாடை பிடிக்காதவர்கள் கிரீச்சாவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏதோ சீசர் காலத்துப் பண்டம் என்ற தோரணையில் ரோமாக்காரர்கள் இதற்காகச் சண்டை பிடிப்பார்கள். உண்மையில் இந்தப் பெயரில் இது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த பேக்கனும் முட்டைத் தூளும் அதில் பங்கு வகித்தன என்று சொல்பவர்களும் உண்டு. டிராமிசு என்ற இனிப்பும் இதே மாதிரி இளசுதான். வெனிஸுக்குப் பக்கத்து ஊரான ட்ரெவிசோவில் 1970களின் தொடக்கத்தில் பிரபலமானது. பக்கத்து மாகாணமான ஃப்ரியூலி, தாங்கள்தான் முதலில் செய்ததாக இன்னமும் வாதாடுகிறது. ஆகவே ‘பாரம்பரியம்’ என்ற வார்த்தையைப் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

ஏப்ரலில் போவது உங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் ரோமில் அது ஆர்டிசோக் பருவம். தமிழில் கூனைப்பூ என்பார்கள், நம் சந்தையில் அதிகம் பார்க்க முடியாது. இரண்டு விதமாகச் செய்வார்கள். ஒன்று, புதினா வகைத் தழையும் பூண்டும் வைத்து, எண்ணெயும் தண்ணீருமாக ஊற்றி மெதுவாக வேகவைப்பது. இன்னொன்று யூதர்களுடையது. முழுப் பூவையும் எண்ணெயில் இருமுறை பொரித்து, இதழ்கள் விரிந்து மொறுமொறுவென்று ஆகும்வரை விடுவார்கள். கார்ச்சோஃபி அல்லா ஜூதியா என்று கேளுங்கள். 1555ல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை டைபர் நதிக்கரையில் ஒரு சின்னப் பகுதிக்குள் மதில் கட்டி அடைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே அடைபட்டிருந்தவர்களின் சமையலில் பொரித்த பண்டங்களுக்குத் தனி இடம் உண்டு. அந்தத் தெருக்களிலேயே சாப்பிடுங்கள். சைவக்காரர் தயங்காமல் சாப்பிடக்கூடிய, ரோமிலேயே மிக உயர்ந்த பண்டம் என்று நான் சொல்வது இதைத்தான். இதே பருவத்தில் பச்சைப் பட்டாணி, ஃபாவா மொச்சை, ஆர்டிசோக் மூன்றையும் சேர்த்துச் செய்யும் விஞ்ஞரோலாவும் கிடைக்கும். அதில் குவான்சாலே போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருச் சாப்பாட்டில் சுப்ளீயை விடாதீர்கள். தக்காளிச் சோற்றை மொஸரெல்லா துண்டைச் சுற்றி உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. வழக்கமான சுப்ளீயின் சோற்றில் கொத்துக்கறி இருக்கும். அப்புறம், செவ்வகத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, எடைபோட்டு விற்கும் பீட்சா. கையால் அளவு காட்டினால் போதும். விலைப் பலகையில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. குழந்தைகள் உடன் இருந்தால் காலையில் மரிட்டோட்ஸோ வாங்கிக் கொடுங்கள். பன்னைப் பிளந்து, இனிப்பு அதிகம் இல்லாத க்ரீமை உள்ளே திணித்திருப்பார்கள்.

குடல், வால், ஈரல் விரும்பிச் சாப்பிடுபவர்கள் டெஸ்டாச்சோ பகுதிக்குப் போக வேண்டும். 1975 வரை அங்கே நகரத்தின் இறைச்சிக்கூடம் இயங்கியது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போக, மிஞ்சிய உறுப்புகள் வேலையாட்களின் பங்காக வந்தன. அவர்கள் வீட்டுப் பெண்களும் சுற்றியிருந்த சின்ன உணவகங்களும் அதிலிருந்து ஒரு தனிச் சமையலையே உண்டாக்கிவிட்டார்கள். செலரித் தண்டோடு தக்காளியில் மணிக்கணக்கில் வேகும் மாட்டு வால், பெக்கோரினோ தூவிய போட்டி, அதாவது மாட்டு இரைப்பை. சனிக்கிழமை போட்டி, வியாழக்கிழமை உருளைக்கிழங்கு மாவு உருண்டையான நியோக்கி என்ற கிழமைக் கணக்கை இன்றும் கடைப்பிடிக்கும் கடைகள் உண்டு.

நேப்பிள்ஸில் ஒரே நாள்தானே? அன்றைக்குப் பீட்சாவுக்குத்தான் முதலிடம். ஏறக்குறைய 485 டிகிரி சூடுள்ள விறகு அடுப்பில் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வெந்து வரும். ஓரம் உப்பி, அங்கங்கே கருகி, நடுவில் ஈரமாக, துவண்டு இருக்கும். நம் ஊர்க் கடைகளின் மொறுமொறுப்பை எதிர்பார்த்தால் ‘சரியாக வேகவில்லையோ’ என்று தோன்றும். அப்படித்தான் அது இருக்க வேண்டும். இந்தக் கைவேலையை 2017ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மார்கரிட்டா எல்லாருக்கும் தெரியும். 1889ல் அரசி மார்கரிட்டாவுக்காகச் செய்தது என்ற கதையை ஊரே சொல்லும், வரலாற்று ஆய்வாளர்கள் அதை முழுதாக நம்புவதில்லை. அதைவிடப் பழையது மரினாரா. தக்காளி, பூண்டு, ஆரிகானோ, எண்ணெய் மட்டும். பெயரில் கடல் வாடை அடித்தாலும் மீனும் இல்லை, சீஸும் இல்லை. ஒரு பீட்சா கடையின் தரத்தை மரினாராவில் பார்த்துவிடலாம், ஒளிந்துகொள்ள அதில் சீஸ் கிடையாது.

எருமைப்பால் மொஸரெல்லா கிடைப்பதும் இந்த வட்டாரத்தில்தான், கசெர்த்தாவிலும் சலேர்னோ பக்கமும். அன்று செய்ததை அன்றே சாப்பிட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பராகிவிடும். வெட்டினால் பால் வடியும். பீட்சாவின் மேல் போடுவதைவிடத் தனியாகத் தட்டில் வைத்துச் சாப்பிடுவதே மேல் என்பது என் கருத்து. பீட்சாவின் சூட்டில் தண்ணீர் விட்டுவிடுகிறது. இனிப்புக்கு ஸ்ஃபோல்யாதெல்லா. ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸும் வேகவைத்த ரவையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் உள்ளே. வெளியே மெல்லிய மாவு அடுக்கடுக்காக, கடித்தால் உதிரும். சூடாகக் கிடைக்கும் கடையில் வாங்குங்கள். பாபா என்ற இன்னொரு இனிப்பு ரம்மில் ஊறியது, குழந்தைகளுக்கு வேண்டாம்.

காபி இங்கேதான் குடிக்க வேண்டும். பாரில் (அங்கே காபிக் கடைக்கே பார் என்றுதான் பெயர்) நின்றபடி குடித்தால் ஒன்று, ஒன்றரை யூரோதான் ஆகும். உட்கார்ந்தால் விலை ஏறும், முக்கியச் சதுக்கங்களில் பல மடங்கு ஏறும். காப்புச்சினோ காலைக்கு உரியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாலும் தருவார்கள், மனதுக்குள் சிரித்துக்கொள்வார்கள். நம் ஃபில்டர் காபி அளவுக்கு எதிர்பார்த்து எஸ்பிரெஸ்ஸோ வாங்கினால் இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். சர்க்கரை போட்டுக் குடிப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை, நேப்பிள்ஸ்காரர்களே போடுவார்கள்.

ஃப்ளோரன்ஸில் முதல் அதிர்ச்சி ரொட்டி. அதில் உப்பே இருக்காது. காரணம் கேட்டால் வரி என்பார்கள், பக்கத்து ஊரான பீசாவோடு பகை என்பார்கள், ஆளுக்கொரு கதை. உப்பில்லாத அந்த ரொட்டி, காய்ந்து போன பிறகுதான் தன் வேலையைக் காட்டும். ரிபோலித்தா என்பது வெள்ளை பீன்ஸ், கருங்கீரை போன்ற ஒரு முட்டைக்கோஸ் வகை, பழைய ரொட்டி எல்லாம் சேர்ந்து மறுநாள் மறுபடி சூடுபடுத்திச் சாப்பிடும் கெட்டியான சூப். பாப்பா அல் பொமொதோரோ தக்காளியும் ரொட்டியும் குழைந்தது. இரண்டும் பெரும்பாலும் சைவமாகவே இருக்கும், வயிறும் நிறையும். மேலே பச்சையாக ஊற்றித் தரும் டஸ்கனி ஆலிவ் எண்ணெய் தொண்டையில் லேசாகக் காரும், அது நல்ல எண்ணெயின் குணம்.

அசைவக்காரர்களுக்கு இங்கே இரண்டு விஷயம். ஒன்று லாம்ப்ரெதொத்தோ. மாட்டின் நான்காவது இரைப்பையைத் தக்காளி, வெங்காயம், செலரியோடு வேகவைத்து, பொடியாக நறுக்கி, வட்ட ரொட்டிக்குள் வைத்து, ரொட்டியின் மேல் பாதியை அந்தச் சாற்றிலேயே தோய்த்து மூடித் தருவார்கள். தெருமுனை வண்டிகளில் நின்றபடி சாப்பிடுவது. பச்சைச் சாஸும் காரச் சாஸும் இரண்டும் போடச் சொல்லுங்கள். போட்டி பிடிக்கும் என்றால் இது நிச்சயம் பிடிக்கும். இன்னொன்று பிஸ்தெக்கா, மூன்று நான்கு விரல் கனமுள்ள எலும்போடு கூடிய மாட்டுக்கறித் துண்டு. ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு மேல் வரும். விலை மெனுவில் கிலோவுக்கோ நூறு கிராமுக்கோ போட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் ஆர்டர் செய்து பில்லைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும், நன்றாக வேகவைத்துத் தாருங்கள் என்றால் பல கடைகளில் மறுத்துவிடுவார்கள். நம்மவர்களில் பாதிப் பேருக்கு அது ஒத்துவராது. புகழ் பெற்றது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இப்போது உங்கள் திட்டத்தில் ஒரு திருத்தம் சொல்கிறேன். ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸ் போகும் வேக ரயில் போலோனியா வழியாகத்தான் போகிறது, முக்கால் மணி நேரத்துக்குள் அங்கே வந்துவிடலாம். பெட்டிகளை ஸ்டேஷனில் பாதுகாப்பில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்காவது இறங்குங்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். சாப்பாட்டுக்காகவே இத்தாலி போகிறவர்கள் வெனிஸைக்கூட விட்டுவிடுவார்கள், போலோனியாவை விடமாட்டார்கள்.

உலகமெங்கும் ஸ்பகெட்டி போலோனேஸ் என்று விற்பதை இங்கே யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. கறிக் குழம்பான ராகு, முட்டை போட்டுப் பிசைந்து கையால் தேய்த்த தட்டை நாடாவான தாலியதெல்லேயோடுதான் வரும். வழுக்கும் ஸ்பகெட்டியில் கறி ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். சொரசொரப்பான நாடாவில் ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஊர்க்காரர்கள் விஷயத்தைச் சும்மா விடவில்லை. 1972ல் தாலியதெல்லேயின் அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் என்று வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். 1982ல் ராகுவின் செய்முறையையும் பதிந்தார்கள். அதில் பூண்டு கிடையாது, தக்காளியும் கொஞ்சம்தான், மணிக்கணக்கில் சிறுதீயில் கொதிப்பது. தொர்த்தெல்லீனி என்ற, விரல் நுனி அளவு மாவுச் சுருள்களுக்குள் பன்றிக்கறியும் சீஸும் வைத்து, தெளிந்த கறிச்சாற்றில் மிதக்கவிட்டுத் தருவதுதான் இந்த ஊர்ப் பண்டிகைச் சாப்பாடு. க்ரீம் சாஸில் வேண்டாம், சாற்றிலேயே கேளுங்கள்.

பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸின் தாயகமும் இதே மாகாணம். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு 550 லிட்டர் பால் பிடிக்கும். பால், உப்பு, உறை, வேறொன்றும் சேர்க்கக் கூடாது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். 24 மாதம் ஆனது வாங்குங்கள், உதிரும், உள்ளே வெள்ளைப் பொட்டுகள் பல்லில் நறநறக்கும். 36 மாதம் ஆனது இன்னும் காட்டம். பாஸ்தா மேல் தூவும் பொடியாக மட்டுமே இதை அறிந்தவர்கள், உடைத்த துண்டை அப்படியே வாயில் போட்டுப் பாருங்கள். பார்மா, மோதெனா பக்கத்துப் பட்டறைகளில் காலை வேளையில் போனால் செய்வதைப் பார்க்கலாம். முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். போ நதிச் சமவெளியின் பால் பண்ணைகளில் மாடுகளைப் பராமரிப்பவர்களில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் ஏராளம். அவர்கள் இல்லாமல் வட இத்தாலியின் சீஸ் தொழில் தடுமாறிப் போகும்.

சீஸ் விற்கும் கடைகளிலேயே பால்சாமிக் வினிகரும் விற்பார்கள். இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். சாலடுக்கு ஊற்றும் விலை குறைந்த வகை இரண்டு மாதத்திலேயே தயாராகிவிடும், வினிகர் கலந்தது. ‘த்ரதித்ஸியொனாலே’ என்று எழுதியிருப்பது வேறு. திராட்சைச் சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சி, சிறிதாகிக்கொண்டே போகும் மரப் பீப்பாய்களில் வரிசையாக மாற்றி மாற்றி, குறைந்தது 12 ஆண்டு, உயர்ந்த ரகம் 25 ஆண்டு முதிர்ந்தது. சின்னக் குப்பியில்தான் வரும், விலை ஐம்பது யூரோவை ஒட்டித் தொடங்கும். வாங்காவிட்டாலும் சீஸ் துண்டின் மேல் இரண்டு சொட்டு விட்டுச் சுவைத்துப் பாருங்கள்.

வெனிஸில் நல்ல சாப்பாடு கிடைக்காது, விலைதான் அதிகம் என்று பலர் புலம்புவார்கள். மேஜையில் உட்கார்ந்தால் அது உண்மைதான். நின்றால் இல்லை. பாக்கரோ எனப்படும் சின்னச் சின்ன மதுக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி என்ற கைக்கடி அளவுப் பண்டங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றின் விலை இரண்டு மூன்று யூரோ. ஒவ்வொரு கடையிலும் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பதுதான் வெனிஸ்காரர்களின் மாலைப்பொழுது. மது குடிக்காதவர்கள் சோடா வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அதில் கட்டாயம் பார்க்க வேண்டியது பக்கலா மந்தெக்காத்தோ. நார்வேயின் லோஃபோதன் தீவுகளில் உப்பே இல்லாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன், அதாவது ஒரு கருவாடுதான். வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் சிதைந்து, 1432ன் தொடக்கத்தில் பிழைத்தவர்கள் அந்தத் தீவுகளில் ஒதுங்கினார்கள். மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றிச் சோறு போட்டார்கள். ஊர் திரும்பிய குவெரினி அந்தக் காய்ந்த மீனைப் பற்றி எழுதி வைத்தார். அதை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் வெண்ணெயாகக் குழைந்து வரும். சுட்ட மக்காச்சோளக் களித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். கருவாட்டு வாடையை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றமாகவும் இருக்கும், ஆச்சரியமாகவும் இருக்கும். சார்தே இன் சவோர் இன்னொன்று. பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டையோடு ஒன்றிரண்டு நாள் ஊறவிடுவது. மாலுமிகள் கெடாமல் எடுத்துப்போகச் செய்த ஏற்பாடு. புளிப்பும் இனிப்பும் மீனும் சேர்வது நம் நாக்குக்குப் பழக்கமானதே. கணவாய் மையில் செய்த கறுப்பு ரிசோத்தோ, அதாவது குழைவான அரிசிச் சோறு, சாப்பிட்டால் பல்லெல்லாம் கறுத்துவிடும், அன்று புகைப்படம் எடுக்கும் திட்டம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். ரியால்டோ மீன் சந்தையைப் பார்க்க விரும்பினால் ஞாயிறும் திங்களும் போகாதீர்கள். ஏப்ரல் 25 வெனிஸின் காவலரான புனித மாற்குவின் நாள். அன்று பச்சைப் பட்டாணி அரிசியான ரிஸி ஏ பிஸி சமைப்பது வழக்கம், முன்பு ஆட்சித் தலைவரின் மேஜைக்கே போனது.

மிலனில் குங்குமப்பூ ரிசோத்தோ ஒன்று போதும். மாட்டெலும்பு மஜ்ஜையும் கறிச்சாறும் சேர்வதால் சைவக்காரருக்கு ஆகாது. அரிசியின் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கும்படிதான் இறக்குவார்கள். அரைவேக்காடு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சொன்ன பிறகுதான் சமைக்கத் தொடங்குவார்கள், இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் அது முன்பே வேகவைத்தது.

தெற்கே போக இன்னும் நான்கு நாள் கிடைத்தால் நான் மிலனையே விட்டுவிட்டுச் சிசிலிக்குப் போவேன். பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கடலைமாவைக் கிளறிக் காயவைத்து வெட்டிப் பொரித்த பனெல்லேயை ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள், முழுச் சைவம். பக்கத்திலேயே சுவரொட்டியை, அதாவது மாட்டு மண்ணீரலைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைத்து விற்பார்கள். கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்த கப்பொனாத்தா. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய அரபு ஆட்சி விட்டுச்சென்ற கரும்பு, எலுமிச்சை, கத்தரிக்காய் எல்லாம் இந்தத் தீவின் தட்டில் இன்றும் தெரியும். காலையில் பாதாம் கிரனிதாவை, அதாவது பனித்தூளாக உறைந்த இனிப்பை, பன்னோடு சாப்பிடலாம். பொரித்த மாவுக் குழலான கன்னோலியின் உள்ளே ரிக்கோட்டாவை உங்கள் கண் முன்னே நிரப்பித் தரும் கடையில்தான் வாங்க வேண்டும். முன்பே நிரப்பியது நமுத்திருக்கும். பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நகரத்தின் காவலரான புனித ரோசாலியாவின் மலைக்கோவிலுக்கு இந்துத் தமிழர்களும் ஏறிப் போய்க் கும்பிடுகிறார்கள். சோறும் குழம்பும் தேடும் நிலை வந்தால் அங்கே வழி பிறக்கும். காரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே மாகாணம் கலாப்ரியா. அங்கே மிளகாய் போட்டுப் பிசைந்த ந்தூயா என்ற பன்றிக்கறிப் பசையை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள்.

இனி உங்கள் வீட்டுச் சைவக்காரர் விஷயம். இத்தாலியில் ‘வெஜித்தேரியானோ’ என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் கறித்துண்டு இல்லை என்ற அளவுக்குத்தான் சிலர் எடுத்துக்கொள்வார்கள். நெத்திலி, கறிச்சாறு, பன்றிக் கொழுப்பு மூன்றும் சத்தமில்லாமல் நுழையும். ரோமின் புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலடில் நெத்திலி அரைத்து ஊற்றியிருக்கும், காய்கறி சூப்பில் பன்றிக்கறித் துணுக்கு கிடக்கும், ரொமாஞ்ஞாவின் பியதீனா ரொட்டி மாவிலும் கன்னோலிக் கூட்டிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே’ என்று சொல்லுங்கள்: கறி, மீன், கறிச்சாறு மூன்றும் வேண்டாம். சீஸில் இன்னொரு சிக்கல். பர்மிஜானோ, பெக்கோரினோ ரொமானோ, எருமை மொஸரெல்லா மூன்றையும் உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைதான். இது பரவாயில்லை என்று விடுவதும் விடாததும் அவரவர் முடிவு. விடாதவர்களுக்கு மரினாரா பீட்சா, பூண்டும் மிளகாயும் எண்ணெயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டி, தக்காளி பாஸ்தா, பொரித்த ஆர்டிசோக், ரிபோலித்தா எல்லாம் உண்டு. சீஸ் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முட்டையும் கூடாதென்றால் உலர் பாஸ்தாவாகக் கேளுங்கள். அது கோதுமை ரவையும் தண்ணீரும்தான். வடக்கில் கையால் செய்யும் புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். பன்றி அல்லது மாடு தவிர்ப்பவர்கள் ராகுவிலிருந்து ஒதுங்கிவிடுவது நல்லது, பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரொட்டிக்கும் மேஜைக்குமான கட்டணம் அது, மெனுவில் எழுதியிருக்க வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, காய் என்று வரிசையாக எல்லாம் வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு பாஸ்தாவோடு எழுந்துவிடலாம். இரவு ஏழரைக்கு முன் பல சமையலறைகள் திறக்கவே திறக்காது, குழந்தைகளுக்கு மாலையில் ஏதாவது கொடுத்து வையுங்கள். ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் வாங்கும்போது நிறம் பாருங்கள். பிஸ்தா பளீர்ப் பச்சையாக இருந்தால் அது சாயம், மலை மலையாகக் குவித்திருந்தால் காற்று.

ஏப்ரலில் ஈஸ்டர் வந்தால் இன்னும் இரண்டு பண்டம் சேரும். நேப்பிள்ஸில் முழுக் கோதுமையை வேகவைத்து ரிக்கோட்டாவோடு சேர்த்துச் சுடும் பஸ்தியேரா; எல்லா ஊர்களிலும் புறா வடிவத்தில் வரும் கொலோம்பா என்ற பாதாம் மேலோட்டுக் கேக். ஈஸ்டர் ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வெளியே சாப்பிட வருவார்கள், மறுநாள் திங்களும் விடுமுறை, சந்தைகளும் பல கடைகளும் மூடியிருக்கும். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.